கல்லும் காகிதமும்

உத்தரமேரூர் என்று சொன்ன மாத்திரத்தில் நம்மவர்களுக்குக் குடவோலை ஞாபகம் வந்துவிடும். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட இரண்டு சாசனங்கள் அந்த ஊருக்கு உலகப் புகழைத் தேடித் தந்துவிட்டன. முப்பது குடும்புகள், முப்பத்தைந்துக்குக் குறையாமலும் எழுபதுக்கு மேற்படாமலும் வயது, கால் வேலி இறைநிலம், சொந்த மனையில் கட்டிய வீடு என்று வரிசையாக நிபந்தனைகள். தேர்தல் வந்தால் மேடை ஏறுகிறவர்கள் இவற்றை ஒப்பிக்கத் தவறுவதில்லை. அதே சாசனத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. அதை ஒப்பிக்கிறவர்கள்தான் குறைவு. முன்பு வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் இருந்தவர் மறுபடியும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது என்பதே அந்த விதி.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் இப்படிக் கணக்குக் கேட்டார்கள். ஏரிக்குக் கணக்கு உண்டென்றால் ஆஸ்பத்திரிக்கு உண்டா? இந்தக் கேள்விக்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. உத்தரமேரூர் வட்டாரத்திலேயே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற கரையில், திருமுக்கூடல் என்ற ஊர் இருக்கிறது. எதிர்க்கரையில் பழையசீவரம். திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலின் மதிலில் ஐம்பதுக்கு மேற்பட்ட நீண்ட வரிகளில் ஒரு சாசனம் வெட்டியிருக்கிறார்கள். 1063-ம் ஆண்டு பட்டத்துக்கு வந்த வீரராசேந்திர சோழன் காலத்துச் சாசனம் அது. கே. வி. சுப்பிரமணிய அய்யர் அதைப் படித்து, இந்திய சாசனத் தொகுதியில் பதிப்பித்தார். பதிப்பு வெளியான பிறகு சரித்திர ஆசிரியர்களோடு வைத்தியர்களும் அதைத் தேடிப் படிக்கத் தொடங்கினார்கள். ஏனென்றால் அந்தக் கல் ஓர் ஆஸ்பத்திரியின் வரவு செலவுத் திட்டத்தையே சொல்லுகிறது.

கோயிலைச் சேர்ந்த ஜனநாத மண்டபத்தில் வேதமும் இலக்கணமும் கற்பிக்கும் பாடசாலை ஒன்று இருந்தது. மாணாக்கருக்கு விடுதியும் இருந்தது. அவர்களும், ஆசிரியர்களும், கோயில் பணியாளர்களும் நோயுற்றால் படுக்க ‘வீரசோழன்’ என்ற பெயருடன் ஓர் ஆதுலர்சாலை நடந்தது. ஆதுலர் என்றால் நோயாளிகள். சாலையில் பதினைந்து படுக்கைகள். படுத்திருப்பவருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி. தலைமை வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்பவர். அவருக்கு ஆண்டுக்குத் தொண்ணூறு கலம் நெல்லும் எட்டுக் காசும். மூலிகை கொண்டு வந்து விறகு சேர்த்து மருந்து காய்ச்சுகிறவர்கள் இருவர். மருந்து ஊட்டி நோயாளியைக் கவனிக்கும் பெண்டுகள் இருவர். ஒரு நாவிதர். தண்ணீர் வைக்க ஓர் ஆள். இரவு முழுவதும் எரிய விளக்கெண்ணெய்ச் செலவு உட்பட, ஒன்றும் விட்டுப் போகவில்லை.

இந்தப் பட்டியலில் என் கண்ணில் ஒட்டிக்கொண்டவர் வேறொருவர். ‘சல்லியக் கிரியை பண்ணுவான்’ என்று கல் அவரைக் குறிக்கிறது. சல்லியம் என்றால் உடம்பில் தைத்த அம்பு. அதைப் பிடுங்குகிற தொழிலிலிருந்தே ரண வைத்தியம் முழுவதற்கும் அந்தப் பெயர் வந்தது. முறிந்த எலும்பைச் சேர்க்கிறவரும், ஆடுகிற பல்லைப் பிடுங்குகிறவரும் அந்தக் காலத்தில் ரண வைத்தியரே. அவருடைய சாஸ்திரமான சுசுருத சம்ஹிதை எலும்பு முறிவில் பன்னிரண்டு வகையும் மூட்டு விலகலில் ஆறு வகையும் சொல்கிறது. வாயில் வரும் நோய்கள் அறுபத்தைந்து என்று எண்ணி, அவற்றில் பல்லுக்கு எட்டும் ஈறுக்குப் பதினைந்தும் பங்கு போடுகிறது. தொடையெலும்பு முறிந்தவனைப் பலகையில் கிடத்தி, கால் அசையாமல் இருக்க முளை அடிக்கச் சொல்கிறது. இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டிய அந்த மனிதருக்கு ஆண்டுக்கு முப்பது கலம் நெல். தலைமை வைத்தியரின் பங்கில் மூன்றில் ஒன்று. கத்தி பிடிப்பவருக்கும் நாடி பிடிப்பவருக்கும் இருந்த அந்தஸ்து வித்தியாசத்தை அந்த நெல் அளந்து காட்டிவிடுகிறது.

ஓராண்டுக்குத் தயார் செய்து வைக்க வேண்டிய மருந்துகள் சுமார் இருபதையும் கல் பெயர் சொல்லி எழுதுகிறது. பலாகேரண்ட தைலம், லசுனாத்யேரண்ட தைலம் என்று ஆமணக்கு சேர்ந்த எண்ணெய்கள் அதில் இருக்கின்றன. ஆயுர்வேதத்தில் இத்தகைய தைலங்கள் வாத நோய்களுக்கு, அதாவது மூட்டுப் பிடிப்புக்கும் இடுப்பு வலிக்கும் பெயர் பெற்றவை. தரையில் சம்மணமிட்டு நாள் முழுதும் ஓதிய ஆசிரியர்களுக்கு அவை உபயோகப்பட்டிருக்கும் என்று ஊகிக்கலாம்.

ஊகிக்கத்தான் முடியும். ஏனென்றால் அந்த நீண்ட சாசனத்தில் ஒரே ஒரு மனிதனைக் காணோம். அவன்தான் நோயாளி. படுக்கை இருக்கிறது, படுத்தவன் இல்லை. சல்லியக் கிரியை பண்ணுவான் இருக்கிறான். எவன் காலைச் சேர்த்தான், அந்தக் கால் நேராகச் சேர்ந்ததா, கோணிச் சேர்ந்ததா, அவன் மறுபடி நடந்தானா என்பது இல்லை. தானம் செய்தவர்கள் கேட்ட கணக்கு நெல்லுக்கும் எண்ணெய்க்கும்தான். அந்தக் காலத்தை இதற்காகக் குறை கூறுவது நியாயமல்ல. நோயாளிக்குக் கணக்கு வேண்டும் என்று உலகம் கேட்க ஆரம்பித்தது இன்றைக்கு நூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்னால்தான். அப்படிக் கேட்டவர் பட்ட பாட்டையும் கொஞ்சம் பார்க்கலாம்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் எர்னஸ்ட் காட்மன் என்று ஒரு ரண வைத்தியர் இருந்தார். தோள்பட்டை நோய்களில் நிபுணர். அவர் கேட்டது மிக எளிய கேள்வி: “ஆஸ்பத்திரியை விட்டுப் போன நோயாளி ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார்?” ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுத வேண்டும் என்றார். என்ன தொந்தரவு என்று வந்தார், வைத்தியர் என்ன நினைத்தார், என்ன செய்தார், ஓராண்டுக்குப் பின் பலன் என்ன, பலன் கெட்டிருந்தால் ஏன்? இவ்வளவுதான் அட்டை. கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? ஆனால் பெரிய ஆஸ்பத்திரிகளில் பெரிய டாக்டர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1911-ல் காட்மன் சொந்தமாக ஒரு சிறிய ஆஸ்பத்திரி தொடங்கினார். 1916 வரையில் அங்கிருந்து வெளியேறியவர்கள் 337 பேர். அவர்களுக்குச் செய்த சிகிச்சையில் நேர்ந்த 123 தவறுகளை அவரே எண்ணி, அச்சிட்டு வெளியிட்டார். 1915-ல் ஒரு வைத்தியர் கூட்டத்தில், மண்ணுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு பொன் முட்டையிடும் நெருப்புக்கோழி ஒன்றைப் பெரிய கேலிச் சித்திரமாக எழுதி மாட்டினார். நகரத்துப் பெரிய மனிதர்கள்தான் அந்தக் கோழி! கோபம் மூண்டது. வகித்த பதவிகளை இழந்தார். வருமானமும் தேய்ந்தது. ஆயினும் 1920-ல் எலும்புப் புற்றுநோய்க்கென்று ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். ஊர் ஊராக டாக்டர்களிடமிருந்து நோயாளியின் குறிப்பும் எக்ஸ்ரே படமும் வாங்கி ஒரே இடத்தில் சேர்த்தார். 1940-ல் இறந்தபோது அவருக்குக் கல்லறைக் கல்கூட வைக்கப்படவில்லை. 2014-ல்தான் அமெரிக்க வைத்தியர்கள் ஒரு கல் நட்டார்கள்.

இன்றைக்கு நம் மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் ஒரு வகை ஆராய்ச்சி காட்மனின் அட்டையிலிருந்து கிளைத்தது என்று சொல்லலாம். ஐந்து ஆண்டு, பத்து ஆண்டுக் கேஸ் ஷீட்டுகளை எடுத்துத் தூசி தட்டிப் பிரிக்கிறார்கள். இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்கள் எத்தனை பேர், எந்த வயது, எந்த நாளில் ஆப்பரேஷன் ஆயிற்று, எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது, எத்தனை பேர் எழுந்து நடந்தார்கள் என்று எண்ணுகிறார்கள். பல் ஆஸ்பத்திரியில் தாடை முறிந்தவர்களையும், கடைவாய்ப் பல் எடுத்தவர்களையும் அப்படியே எண்ணுகிறார்கள். நடக்கப் போவதைக் காத்திருந்து பார்க்காமல் நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்ப்பதால் இதைப் பின்னோக்கு ஆய்வு என்பார்கள். இதற்குச் செலவு குறைவு. புதிய மருந்தை யார்மீதும் பரிசோதிப்பதில்லை. நோயாளியின் பெயரையும் விலாசத்தையும் நீக்கிவிட்டுக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் ஒழுங்கு முறை.

எலும்பும் பல்லும் இந்த மாதிரி ஆராய்ச்சிக்குத் தனிப் பொருத்தமுள்ளவை. காரணம், அவை மெதுவான சரக்கு. காய்ச்சல் மூன்றாம் நாள் விடுகிறதா என்பது நான்காம் நாள் தெரிந்துவிடும். எலும்பில் வைத்த ஆணியும், பல்லில் அடைத்த சிமெண்டும் நல்லதா கெட்டதா என்பது தெரிய வருஷக்கணக்காகும். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு வைத்தியர் தேய்ந்துபோன இடுப்பு மூட்டுக்குப் பதில் செயற்கை மூட்டு வைக்கும் வித்தையில் முன்னோடிகளில் ஒருவர். 1958 முதல் 1962 வரை சுமார் முந்நூறு பேருக்கு டெஃப்லான் கிண்ணம் வைத்தார். ஆரம்பத்தில் நோயாளிகள் வலியின்றி நடந்தார்கள். ஆனந்தக் கண்ணீர் வடித்தார்கள். ஓரிரண்டு ஆண்டுகள் சென்றபின் கிண்ணம் தேய்ந்து தூளாகி, பழைய வலி திரும்பிவிட்டது. சார்ன்லி அவர்களைக் கைவிடவில்லை. ஒவ்வொருவரையும் திரும்பப் பார்த்தார். தாமே மறுபடி ஆப்பரேஷன் செய்தார். வேறு பிளாஸ்டிக்கைத் தேடிக் கண்டார். முதல் ஆறு மாதத்தோடு கணக்கை மூடியிருந்தால் டெஃப்லான் மகத்தான வெற்றி என்றே உலகம் எழுதி வைத்திருக்கும்.

ஒரு கணக்கைத் தனியாகப் பார்ப்பதைவிட இரண்டு கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் என்ன லாபம் என்பதற்கு நம்முடைய பழைய சென்னை மாகாணத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. அமெரிக்காவில் கொலராடோ பக்கத்துப் பல் வைத்தியர் பிரெடரிக் மக்கே, உள்ளூர்க் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறையைப் பார்த்து 1901 முதல் அதைத் துரத்திக்கொண்டிருந்தார். தண்ணீரிலுள்ள ஃபுளோரைடு என்ற உப்புத்தான் காரணம் என்று 1931-ல் தெளிவாயிற்று. மறு வருஷம், 1932-ல், டென்மார்க்கில் கிரையோலைட் என்ற தாதுப்பொருளின் தூளைச் சுவாசித்த தொழிலாளிகளின் எலும்பு சுண்ணாம்புக் கல் மாதிரி இறுகியிருப்பதை எக்ஸ்ரேயில் கண்டார்கள். அதற்கும் காரணம் ஃபுளோரைடு. ஒருவர் பார்த்தது பல்; மற்றவர்கள் பார்த்தது எலும்பு. நடுவே ஒரு பெரிய சமுத்திரம்.

இரண்டும் ஒரே மனிதனிடம் சேர்ந்து காணப்பட்டது நெல்லூர் ஜில்லாவில். அங்கே சில கிராமங்களில் குழந்தைகளுக்குப் பல்லில் கறை. நடுவயதில் ஆண்களுக்கு முதுகு வளைந்து, கழுத்துத் திரும்பாமல், மூட்டுகள் பூட்டிக்கொள்ளும். கிராமத்தார் இதைத் தலைவிதி என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த ஷார்ட், மருத்துவப் பேராசிரியர் மக்ராபர்ட், சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே நிலையத்தை நிறுவிய பர்னார்ட், அவர்களோடு மன்னாடி நாயர் ஆகிய நால்வர் இதை ஆராய்ந்து 1937-ல் வெளியிட்டார்கள். ஷார்ட்டுடன் ஸி. ஜி. பண்டிட்டும் ராகவாச்சாரியும் அதே ஆண்டில் நெல்லூரைப் பற்றி எழுதினார்கள். நோயாளி, எக்ஸ்ரே, கிணற்றுத் தண்ணீர் மூன்றும் ஒரே கணக்கில் ஏறியதும், குற்றவாளி கிணற்றுக்குள் இருப்பது புலப்பட்டது.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பல்லின் எனாமல் உருவாவது குழந்தைப் பருவத்தில். அந்த வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால்தான் பல்லில் கறை விழும். வளர்ந்த பிறகு அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணுக்குப் பல் வெள்ளையாகவே இருக்கலாம். ஆனால் எலும்பு வாழ்நாள் முழுவதும் ஃபுளோரைடைச் சேர்த்துக்கொண்டே போகும். ஆகவே பல்லைப் பார்த்தால் பிறந்து வளர்ந்த ஊர் தெரியும். எலும்பைப் பார்த்தால் வாழ்ந்த ஊர் தெரியும். பல் டாக்டரும் எலும்பு டாக்டரும் தத்தம் அறையில் தத்தம் ஏட்டை மூடி வைத்திருந்தால், ஒருவருக்கு அழகுக் குறையும் மற்றவருக்கு வாத நோயுமாகவே அது தோன்றியிருக்கும். தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் இதே தண்ணீர்த் தொல்லை நெடுங்காலம் இருந்தது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவேரித் தண்ணீரை அங்கே கொண்டு சேர்த்ததற்குப் பின்னால், இத்தகைய ஏடுகளின் நீண்ட வரிசை நிற்கிறது.

இவ்வளவு பெருமையும் சொன்ன பிறகு இந்த ஆராய்ச்சியின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். ஏட்டில் இருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் மட்டுமே. நம் கிராமத்தில் தென்னையிலிருந்து விழுந்து கை முறிந்தவர் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கா போகிறார்கள்? புத்தூர்க் கட்டுக்குப் பஸ் ஏறுகிறவர்கள் இன்றும் உண்டு. கட்டுப் போட்டு நன்றாகச் சேர்ந்துவிட்டவர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டார். கோணலாகச் சேர்ந்து வலி பொறுக்காதவர்தான் டாக்டரிடம் வருவார். ஆகவே ஆஸ்பத்திரிக் கணக்கை மட்டும் பார்த்தால், கட்டுப் போடுகிறவர் கை வைத்ததெல்லாம் கெட்டுப்போனதாகவே தோன்றும். கட்டுப் போடுகிறவரைக் கேட்டாலோ, தம்மிடம் கெட்டது ஒன்றுகூட இல்லை என்பார். கெட்டவர்கள்தான் அவரிடம் திரும்பி வருவதில்லையே! இருவர் பேச்சிலும் பொய் இல்லை. இருவரிடமும் இருப்பது பாதிக் கணக்கு.

பல் விஷயத்திலும் அப்படியே. வலி தாங்காமல் ஒரு நாள் வந்து பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனவர், மறு தடவைக்கு வராவிட்டால், ஏட்டில் அவர் ‘குணமானவர்’ வரிசையில் சேர்ந்துவிடுகிறார். வலி நின்று வராமல் இருந்தாரா, ஒரு நாள் கூலியை இழக்க மனமில்லாமல் வராமல் இருந்தாரா? ஏட்டில் எழுதாததை எந்தப் பேராசிரியராலும் பிற்பாடு கண்டுபிடிக்க முடியாது. வலது காலா இடது காலா, எந்தப் பல், எந்தத் தேதி என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு கிறுக்கல் மட்டும் இருந்தால், பத்தாண்டு கழித்து அதைப் பிரிப்பவருக்கு அந்த நோயாளி வந்ததும் ஒன்றுதான், வராததும் ஒன்றுதான்.

இருக்கிற ஏடாவது நிலைக்கிறதா? 2002-ம் ஆண்டின் இந்திய மருத்துவ கவுன்சில் ஒழுக்க விதிகளின்படி, ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை பெற்றவரின் குறிப்புகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு காப்பாற்ற வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவும் வேண்டும். மூன்று ஆண்டுக்கு மேலும் போற்றி வைக்கும் ஆஸ்பத்திரிகள் உண்டு. ஆனால் விதி கேட்பது மூன்று ஆண்டுதான். வெளிநோயாளியின் சீட்டோ பெரும்பாலும் அவர் மடியிலேயே வீட்டுக்குப் போகிறது. அரிசிப் பானைக்குப் பின்னாலோ, கூரை இடுக்கிலோ தங்குகிறது. ஒரு மழைக் காலத்தோடு அதன் ஆயுள் முடிகிறது. சார்ன்லியின் கிண்ணம் தேய்ந்து பல்லிளிக்க எடுத்துக்கொண்ட காலத்தையும், இந்த மூன்று ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருபது வயதில் இடுப்பில் இரும்பு வைத்துக்கொண்ட பையனுக்கு நாற்பது வயதில் வலி வந்தால், என்ன இரும்பு, யார் வைத்தது என்று யாரிடம் போய்க் கேட்பான்?

2021-ல் தேசிய அளவில் தொடங்கிய மின்னணுப் பதிவுத் திட்டத்தினால் இனி எல்லாம் கம்ப்யூட்டரில் தங்கிவிடும் என்கிறார்கள். தங்கட்டும், நல்லதே. ஆனால் கம்ப்யூட்டரும் கல்லைப் போலத்தான். எழுதினதை வைத்துக்கொள்ளும், எழுதாததை வைத்துக்கொள்ளாது. வரிசையில் நூறு பேர் நிற்கும்போது ஒவ்வொருவருக்கும் நாலு வரி ஒழுங்காக எழுதுவது இளம் டாக்டருக்கும் நர்ஸுக்கும் பெரும் பாரம் என்பது உண்மை. எழுதுவதற்கென்று ஓர் ஆளை நியமித்து, அவருக்குச் சம்பளமும் கொடுத்தால் பாரம் குறையும். வீரசோழன் ஆதுலர்சாலையில் தண்ணீர் வைப்பவருக்குக்கூட நெல் அளந்தார்கள். எழுதுகிறவருக்கு அளக்க நம்மிடம் நெல் இல்லாமல் போய்விடவில்லை.

அடுத்த தடவை உத்தரமேரூர் மண்டபத்தைப் பார்க்கப் போகிறவர்கள் திருமுக்கூடலுக்கும் ஒரு நடை போய் வரவேண்டும். முதல் ஊரின் கல் கணக்குக் காட்டாதவனை விலக்கி வைக்கிறது. இரண்டாவது ஊரின் கல் ஓர் ஆஸ்பத்திரியின் நெல்லையும் எண்ணெயையும் நாழி தவறாமல் கணக்குக் காட்டுகிறது. பதினைந்து படுக்கையில் படுத்து எழுந்தவர்கள் என்ன ஆனார்கள் என்ற ஒரு வரியை மட்டும் நமக்காக விட்டுவைத்திருக்கிறார்கள். அந்த வரியை எழுத வேண்டியவர்கள் நாம்தான். கல்லில் எழுத வேண்டாம். மூன்று ஆண்டைத் தாண்டும் காகிதத்தில் எழுதினால் போதும்.